முகத்துச் சொற்கள்: எமர்சன் சொன்ன ஒருவழிப் பாதை

1999-ல் நான் பி.ஈ. மூன்றாம் வருடம். அக்காவுக்கு மாப்பிள்ளை தேடிக்கொண்டிருந்தார்கள். ஆங்கிலப் பேப்பரில் ஞாயிற்றுக்கிழமை வரி விளம்பரம் கொடுத்தால் வெளியூர் வரன் வரும் என்று யாரோ அப்பாவிடம் சொல்லியிருந்தார்கள். வீட்டில் இங்கிலீஷ் எழுதத் தெரிந்த ஒரே ஆள் நான். ஒவ்வொரு வார்த்தைக்கும் காசு என்பதால் சுருக்கமா எழுதச் சொன்னார் அப்பா. மற்ற விளம்பரங்களைப் பார்த்து அதே மாதிரி எழுதினேன். வயது, உயரம், படிப்பு, அப்புறம் 'ஃபேர்', 'ஹோம்லி'. அக்கா நல்ல கருப்பு. மாநிறம் என்று சொன்னால்கூடப் பொய்தான். எழுதியதை வாங்கிப் படித்துவிட்டு, "டேய், யாருடா இந்தப் பொண்ணு?" என்று கேட்டாள். நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

ஆறேழு வருடம் கழித்து ஆன்சைட்டில் இருந்தபோது, சாப்பாட்டு நேரத்தில் இந்திய மேட்ரிமோனியல் விளம்பரங்களைப் பற்றிப் பேச்சு வந்தது. 'ஹோம்லி' என்ற வார்த்தையைக் கேட்டதும் எதிரே இருந்த அமெரிக்க நண்பர், "பெண்ணைப் பெத்தவங்களே இப்படி எழுதுவாங்களா?" என்று அதிர்ச்சியாகக் கேட்டார். அவருக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் 'ஹோம்லி' என்றால் பார்க்க லட்சணமில்லாத முகம். இங்கிலாந்தில் அதே சொல், வீடு போல இதமான இடத்தைக் குறிக்கும். நம் ஊரில் குடும்பப் பாங்கான பெண். ஆக, நான் காசு கொடுத்துப் போட்ட 2 வார்த்தைகளில் ஒன்று பொய், இன்னொன்று பாதி உலகத்துக்குத் திட்டு.

அன்றிலிருந்துதான் இந்தக் கிறுக்கு. முகத்தையும் மேற்பரப்பையும் சொல்லும் ஆங்கிலச் சொற்களை ஒரு நோட்டில் சேர்க்க ஆரம்பித்தேன். நான் மொழியியல் படித்தவன் இல்லை. அகராதியும் நாலைந்து புத்தகமும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவன்தான். ஆனால் சொற்பிறப்பு பற்றிப் படிக்கிற எவருக்கும் முதலில் வந்து சேரும் ஒரு கருத்து இருக்கிறது. என் நோட்டோடு அதை ஒப்பிட்டால் பாதி ஒத்துவருகிறது, பாதி வரவில்லை. ஒத்துவராத பாதியைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

அந்தக் கருத்தைப் பிரபலமாகச் சொன்னவர் அமெரிக்கச் சிந்தனையாளர் எமர்சன். 1836-ல் வந்த 'நேச்சர்' என்ற சிறு நூலில் மொழிக்கென்று ஒரு அத்தியாயம் வைத்திருக்கிறார். மனசு, ஒழுக்கம், அறிவு இவற்றைச் சொல்லும் ஒவ்வொரு சொல்லையும் தோண்டினால் அடியில் கண்ணால் பார்க்கக்கூடிய ஒரு பொருள் இருக்கும் என்கிறார். அவர் தரும் எடுத்துக்காட்டுகள்: 'ரைட்' என்றால் முதலில் நேரானது, 'ராங்' என்றால் முறுக்கிக்கொண்டது, 'ஸ்பிரிட்' என்றால் காற்று. 'சூப்பர்சீலியஸ்', அதாவது திமிரானவர், முதலில் புருவத்தைத் தூக்குபவர். வெளியே இருந்து உள்ளே. ஒருவழிப் பாதை.

படிக்கும்போது ரொம்ப அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் புருவத்தையே எடுத்துக்கொள்வோம். லத்தீனில் 'சூப்பர்கீலியம்' என்றால் புருவம். உண்மை. ஆனால் அதே சொல் லத்தீனிலேயே செருக்கு என்ற பொருளையும் பிடித்துவிட்டது. 16-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு அது வந்தபோது 'திமிர் பிடித்த' என்ற பொருளோடு ரெடிமேடாகத்தான் வந்தது. புருவத்திலிருந்து திமிருக்கு எந்த ஆங்கிலேயனும் பயணம் செய்யவில்லை. எமர்சன் புறப்பட்ட ஊரையும் சேர்ந்த ஊரையும் மட்டும் பார்க்கிறார். யார் போனார்கள், எந்த வண்டியில் போனார்கள், நடுவில் எங்கே இறங்கினார்கள் என்று கேட்பதில்லை. சொல்லின் வரலாறு என்பதே அந்த நடுவில் இருக்கிற சமாச்சாரம்தான்.

அவருக்கு நியாயம் செய்ய வேண்டுமானால், அவர் எழுதிய காலத்தில் ஆக்ஸ்ஃபோர்ட் அகராதி கிடையாது. அதன் முதல் பகுதி 1884-ல்தான் வந்தது, முழுசாக முடிந்தது 1928-ல். ஒவ்வொரு பொருளும் எந்தக் காலத்தில், எந்த வாக்கியத்தில் பதிவானது என்று தேடிப்பார்க்கிற வசதி நமக்கு இருக்கிறது. அவருக்கு இல்லை. அந்த வசதியோடு என் நோட்டைத் திறக்கிறேன்.

முதலில் அவர் பக்கம் நிற்கும் சொற்கள். 'பொலைட்' என்பது லத்தீனில் மெருகேற்றப்பட்டது. இடைக்கால ஆங்கிலத்திலேயே அது கல்லுக்கும் உலோகத்துக்கும் சொல்லப்பட்டது, பிறகுதான் பண்பட்ட மனிதருக்கு ஏறியது. 'ஸ்மக்' 16-ஆம் நூற்றாண்டில் மழமழவென்று, சீவி முடித்து, பளிச்சென்று இருப்பது. இன்று தன்னைத் தானே மெச்சிக்கொள்பவரின் முகம். பளபளப்பு அப்படியே இருக்க, பார்ப்பவரின் எரிச்சல் மட்டும் கூடச் சேர்ந்திருக்கிறது. 'ப்ளெய்ன்' சமதளம், பிறகு தெளிவு, பிறகு எளிமை, பிறகு பெண்ணின் முகத்தைப் பற்றிச் சொன்னால் "சுமார்தான்" என்பதற்கு நாகரிகமான பதில். 'சூப்பர்ஃபிஷியல்' என்றால் மேற்பரப்பைச் சேர்ந்தது, அவ்வளவுதான். டாக்டர் காயத்தைப் பார்த்து அந்த வார்த்தையைச் சொன்னால் நமக்கு நிம்மதி. நம்மைப் பார்த்துச் சொன்னால் கோபம். நம் 'மேலோட்டமா' என்பதும் இதே வேலையைத்தான் செய்கிறது.

மொழியியலாளர்களும் இந்தப் போக்கை ஒப்புக்கொள்கிறார்கள். எலிசபெத் டிராகாட் 1989-ல் எழுதிய கட்டுரையில், வெளியே உள்ள நிலைமையைச் சொல்லும் பொருளிலிருந்து உள்ளே உணர்வதைச் சொல்லும் பொருளுக்கு நகர்வது ஒரு போக்கு என்று ஆங்கிலச் சான்றுகளோடு காட்டினார். கவனியுங்கள், அவர் சொன்னது போக்கு. எமர்சன் சொன்னது சட்டம். மழை பெரும்பாலும் மேற்கிலிருந்து வருகிறது என்பதும் கிழக்கிலிருந்து வரவே வராது என்பதும் ஒன்றில்லையே.

கிழக்கு மழைக்கு என் நோட்டில் முதல் ஆள் 'காம்ப்ளெக்ஷன்'. இன்றைக்கு இதைவிட மேலோட்டமான சொல் கிடையாது. தோலின் நிறம், அதுவும் முக்கியமாக முகத் தோல். ஆனால் லத்தீன் வேருக்குப் பின்னிப் பிணைந்தது என்று பொருள். 'காம்ப்ளெக்ஸ்' வருவதும் இதே வேரிலிருந்துதான். (காம்ப்ளெக்ஷனால் நம் ஊரில் எத்தனை பேருக்குக் காம்ப்ளெக்ஸ் வந்தது என்பது தனிக் கதை.) சூடு, குளிர்ச்சி, ஈரம், வறட்சி என்ற 4 குணங்கள் ஒரு உடம்பில் எந்த விகிதத்தில் பின்னியிருக்கின்றன என்பதே இடைக்கால ஐரோப்பிய மருத்துவத்தில் காம்ப்ளெக்ஷன். அது உடம்பின் உள்ளமைப்பு, அதிலிருந்து வரும் சுபாவமும் சேர்த்து. 14-ஆம் நூற்றாண்டின் கடைசியில் சாசர் தன் யாத்திரிகர்களை அறிமுகப்படுத்தும்போது ஒருவரைச் சாங்குவின் என்றும் இன்னொருவரைக் காலரிக் என்றும் சொல்வார். முதலாமவர் உடம்பில் ரத்தம் ஓங்கியிருக்கிறது, இரண்டாமவரிடம் பித்தம். படிக்கிறவனுக்கு ஆளின் முகமும் குணமும் சாப்பாட்டு ருசியும் ஒரே வார்த்தையில் கிடைத்துவிடும்.

டாக்டர் அந்த உள்ளமைப்பை எப்படிக் கண்டுபிடிப்பார்? முகத்தைப் பார்த்துத்தான். ரத்தம் ஓங்கியவன் முகம் சிவப்பு, பித்தக்காரன் முகம் மஞ்சள். முகம் சாட்சி, உள்ளே இருப்பது வழக்கு. 16-ஆம் நூற்றாண்டில் சாட்சியையே வழக்கின் பெயரால் கூப்பிட ஆரம்பித்தார்கள். பிற்பாடு 4 குண மருத்துவமே காலாவதியானதும் வழக்கு தள்ளுபடி ஆகிவிட்டது. சாட்சி மட்டும் கோர்ட் வாசலில் நிற்கிறார், அதே பெயரோடு. உள்ளேயிருந்து வெளியே வந்த சொல் இது.

இதில் எனக்குப் பெரிய ஆச்சரியம் பக்கத்திலேயே இருக்கும் 'சாங்குவின்'. அதே மருத்துவம், அதே காலம். ரத்தச் சிவப்பு என்பது அதன் அடிப்பொருள். சிவந்த முகம், ரத்தம் ஓங்கிய உடம்பு, அதனால் உற்சாகமான சுபாவம். இன்று 'நல்லதே நடக்கும்னு நம்புகிறவர்' என்பது மட்டுமே மிச்சம். இது உள்ளே போய்விட்டது. ஒரே வீட்டில் பிறந்த இரண்டு பேர், வீடு இடிந்ததும் ஒருவர் தோலுக்கும் ஒருவர் மனசுக்கும் குடிபோய்விட்டார்கள். எமர்சனின் ஒருவழிப் பாதையில் இந்த இரண்டு வண்டிகளையும் சேர்த்து ஓட்ட முடியாது. இரண்டையும் தாங்கி நின்றது ஒரு மருத்துவக் கோட்பாடு. அது விழுந்தபோது எந்தச் சொல் எந்தப் பக்கம் சாயும் என்பதை, பழைய லைப்ரரியை நீக்கிய பிறகு எந்த மாட்யூல் உடையும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாதது போல, வேரை வைத்து யாரும் சொல்லியிருக்க முடியாது.

அடுத்தது 'வான்'. நம் வானம் இல்லை, டபிள்யூ, ஏ, என். நோயில் வெளிறிய முகத்துக்கு ஆங்கிலக் கதைகளில் இந்தச் சொல் அடிக்கடி வரும். பழைய ஆங்கிலத்தில் இதற்குப் பொருள் இருட்டு, கருமை. பெயோவுல்ஃப் காவியத்தில் அண்டங்காக்கைக்கு இந்த அடைமொழி வருகிறது, அலைக்கும் வருகிறது. கருப்பாக இருந்த சொல் எப்படி வெளுப்பானது? இதைப் படித்த அன்று அகராதியில்தான் அச்சுப்பிழை என்று நினைத்தேன்.

விடை, வண்ணம் என்று நாம் நினைப்பதே வேறு என்பதில் இருக்கிறது. ஸ்கிரீனுக்கு நிறம் கொடுக்க எங்கள் வேலையில் 2 வழி உண்டு. சிவப்பு, பச்சை, நீலம் எவ்வளவு என்று கொடுப்பது ஒன்று. எந்த நிறம், எவ்வளவு அடர்த்தி, எவ்வளவு வெளிச்சம் என்று தனித்தனியாகக் கொடுப்பது இன்னொன்று. பழைய ஆங்கிலம் பேசியவர்கள் பல சொற்களில் அந்த வெளிச்சத்தையே முதலில் பார்த்தார்கள். பரப்பு ஒளி விடுகிறதா, மங்கிக் கிடக்கிறதா என்பதே கேள்வி, எந்த நிறம் என்பது பிறகுதான். 'வான்' என்றால் பொலிவில்லாதது. இரவுக்கும் புகைக்கும் பொலிவில்லை. செத்தவன் முகத்துக்கும் இல்லை. ஈயம் பூத்த மாதிரி ஆகிவிட்ட அந்த முகத்தில் சொல் வந்து உட்கார்ந்த பிறகு, பின்னால் வந்தவர்கள் ஈயத்தின் கருமையை மறந்து வெளுப்பை மட்டும் பார்த்தார்கள். நம் பேச்சில் "முகம் கருத்துப்போச்சு" என்பதும் "முகம் வெளுத்துப்போச்சு" என்பதும் கிட்டத்தட்ட ஒரே ஆளைத்தானே சொல்கிறது?

இப்படிப் பார்த்தால் வேறு சில விநோதங்களும் புரியும். பழைய ஆங்கிலத்தில் குறில் போட்ட ஒரு 'ப்ளக்' கருப்பு, நெடில் போட்ட 'ப்ளாக்' வெளிறியது, ஒளிர்வது. கையெழுத்துப் பிரதிகளில் நெடிலுக்குக் குறி போடுவது சீராக இல்லாததால், படிக்கிறவர்கள் இன்றும் சில இடங்களில் தலையைச் சொறிகிறார்கள். முதலாவதின் வாரிசு இன்றைய 'ப்ளாக்', இரண்டாவதின் சொந்தக்காரர்கள் 'ப்ளீச்', 'ப்ளீக்'. எரிவது, ஒளிர்வது என்ற ஒரே தொல்வேர் இரண்டுக்கும் பின்னால் இருக்கிறது என்பது அறிஞர்கள் கருத்து. எரியும்போது வெளிச்சம், எரிந்து முடிந்தால் கரி. 'பர்னிஷ்' என்றால் பளபளக்கத் தேய்ப்பது. அது வந்தது பிரவுன் என்று பொருள்படும் 'ப்ருன்' என்ற சொல்லிலிருந்து. மெருகேறிய கத்தியின் விளிம்பை அன்றைக்குப் பிரவுன் என்றார்கள்!

'லிவிட்' இந்த வரிசையில் கடைசி. லத்தீனில் அடிபட்டுக் கன்றிப்போன நீலம். ஆங்கிலத்தில் ஈய நிறம், பிறகு ரத்தம் வற்றிய வெளிறல். 20-ஆம் நூற்றாண்டில் கோபத்தில் முகம் செத்துப்போகிற அளவு கடுங்கோபம். இன்று நிறம் போய்க் கோபம் மட்டும் நிற்கிறது. இப்போது பல பேரிடம் லிவிட் ஆன முகம் என்ன நிறம் என்று கேட்டால் சிவப்பு என்பார்கள். கோபம் சிவப்புதான் என்று மனசுக்குத் தெரிந்திருப்பதால், மறந்துபோன நீலத்தின் இடத்தில் புதுசாகச் சிவப்பைப் பூசிவிட்டோம். வெளியிலிருந்து உள்ளே போய், மறுபடி வெளியே வந்து, வரும்போது வேறு கலரில் வந்திருக்கிறது.

எமர்சனுக்கு எதிர்த் தரப்பில் எனக்குப் பிடித்தவர் ஓவன் பார்ஃபீல்ட். முழுநேரப் பேராசிரியர் இல்லை. லண்டனில் பல வருடம் சொலிசிட்டர் வேலை பார்த்துக்கொண்டே இதையெல்லாம் யோசித்தவர் (என் மாதிரி ஆட்களுக்கு அவர் ஒரு ஆறுதல்). 1926-ல் 'ஹிஸ்டரி இன் இங்லிஷ் வேர்ட்ஸ்', 1928-ல் 'பொயட்டிக் டிக்ஷன்'. அவருடைய வாதம் இதுதான்: ஆதி மனிதன் முதலில் வெறும் காற்றுக்கு ஒரு பெயர் வைத்தான், பிறகு ஒரு நாள் உவமை தோன்றி அதையே ஆன்மாவுக்கும் வைத்தான் என்பது நம் கற்பனை. அன்றைக்குக் காற்றும் மூச்சும் ஆன்மாவும் ஒரே அனுபவம், அதனால் ஒரே சொல். பிரித்தது பின்னால் வந்த நாம்தான்.

என் நோட்டில் இவருக்குச் சாதகமான மிகச் சிறந்த சாட்சி 'க்ளாட்'. மகிழ்ச்சி. பழைய ஆங்கிலத்தில் அதற்குப் பளபளப்பது, ஒளிர்வது என்றும் பொருள், மகிழ்ச்சியானது என்றும் பொருள். இரண்டும் ஒரே காலத்தில். அதன் உறவுக்கார ஜெர்மன் சொல்லான 'க்ளாட்' இன்றும் வழவழப்பு என்றே பொருள்படுகிறது. லத்தீன் உறவுக்காரர் 'க்ளாபர்' என்றால் மயிரில்லாத, வழுக்கையான. ஆக ஆங்கிலேயனின் சந்தோஷமும் ரோமானியனின் வழுக்கையும் பங்காளிகள். இங்கே எது முதல், எது உவமை என்று பிரிப்பதில் அர்த்தமில்லை. ஒளிரும் முகத்தைப் பார்த்தவன் பார்த்தது ஒளியையா, மகிழ்ச்சியையா?

'சியர்' இன்னும் நல்ல சாட்சி. இன்று கிரிக்கெட் மைதானத்துச் சத்தம். 1200 வாக்கில் பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தபோது அதற்கு முகம் என்று பொருள். பிறகு முகத்தின் பாவனை, பிறகு அந்தப் பாவனை காட்டும் மனநிலை, நல்லதானாலும் கெட்டதானாலும். பிறகு நல்ல மனநிலை மட்டும், பிறகு அதை உண்டாக்கும் விருந்து, கடைசியில் ஆரவாரம். இடைக்கால வாக்கியங்களில் 'சியர்' வரும் பல இடங்களில் முகமா மனசா என்று பிரித்துச் சொல்வது கஷ்டம். எழுதியவனுக்கே அந்தக் கேள்வி தோன்றியிருக்காது. நம் 'முகம் வாடியது' மாதிரி.

ஆனால் பார்ஃபீல்டிடமும் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. முதலில் ஒன்றாக இருந்தது, பிறகு பிரிந்தது என்ற கதையில் எல்லாச் சொல்லையும் ஏற்றிவிடப் பார்க்கிறார். காம்ப்ளெக்ஷன் ஆதி மனிதனின் ஒருமித்த அனுபவம் இல்லை. படித்த மருத்துவர்கள் புத்தகத்தில் உட்கார்ந்து கட்டிய கலைச்சொல். 'ஹேண்ட்ஸம்' முதலில் கைக்கு அடக்கமானது, கையாளச் சுலபமானது, பிறகு பொருத்தமானது, 16-ஆம் நூற்றாண்டின் கடைசியில்தான் பார்க்க லட்சணமானது. கையிலிருந்து முகத்துக்கு. இதில் எந்த ஆதி ஒருமையும் கிடையாது, வெறும் புழக்கம்தான்.

பார்ஃபீல்டின் நண்பர் சி. எஸ். லூயிஸ் 1960-ல் வெளியிட்ட 'ஸ்டடீஸ் இன் வேர்ட்ஸ்' இந்தப் பெரிய கோட்பாடுகள் எதற்கும் போவதில்லை. அதனாலேயே மூன்று பேரில் அவர்தான் அதிகம் பயன்படுகிறார். 'ஸாட்' என்ற சொல்லுக்கு ஒரு முழு அத்தியாயம் வைத்திருக்கிறார். இன்று சோகம். பழைய ஆங்கிலத்தில் வயிறு நிறைந்தது, திகட்டியது. அங்கிருந்து கனம், உறுதி, முகத்தில் தெரியும் நிதானம், கடைசியில் துக்கம். பொங்காமல் கெட்டியாகிப்போன ரொட்டியையும் ஸாட் என்பார்கள், கெட்டி இரும்பு இஸ்திரிப்பெட்டியையும் ஸாட் என்பார்கள். மங்கலான அடர்நிறத் துணிக்கும் அதே பெயர். பழைய நூலில் ஒரு பெரியவர் ஸாட் முகத்தோடு இருந்தார் என்று வந்தால், அவர் அழுதுகொண்டிருந்தார் என்று முடிவு கட்டக்கூடாது. கனமான மனிதர், நம்பத் தகுந்தவர் என்று பாராட்டியிருக்கலாம்.

லூயிஸின் எச்சரிக்கை இதுதான்: நம் காலத்தில் ஓங்கி நிற்கும் பொருள் பழைய வாக்கியத்திலும் பொருந்துகிற மாதிரியே தெரிந்தால், அங்கேதான் மாட்டிக்கொள்வோம். அர்த்தமே புரியாவிட்டால் அகராதியைத் திறப்போம். புரிகிற மாதிரி இருந்தால் யார் திறக்கப்போகிறார்கள்? இன்னொன்றும் சொல்கிறார். பொருள் மாற்றம் என்பது புழு பூச்சியாக மாறுவது போல் இல்லை, மரம் கிளை விடுவது போல. பழைய கிளை புதுக் கிளையோடு கூடவே நிற்கும். சாஃப்ட்வேர்க்காரன் பாஷையில் சொன்னால், அகராதியில் 1, 2, 3 என்று வரிசை போட்டிருப்பதைப் பார்த்து வெர்ஷன் 3 வந்ததும் வெர்ஷன் 1 நீக்கப்பட்டது என்று எடுத்துக்கொள்ளக்கூடாது. எல்லாம் ஒரே நேரத்தில் புரொடக்ஷனில் ஓடிக்கொண்டிருக்கும்.

இங்கேதான் என் விளம்பரத்துக்கு வர வேண்டும். 'ஃபேர்' என்பது பழைய ஆங்கிலத்தில் அழகானது, இனிமையானது. நிறத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. மாசில்லாதது என்ற கிளையிலிருந்து திருத்தம் இல்லாத 'ஃபேர் காப்பி', கள்ளம் இல்லாத 'ஃபேர் ப்ளே', நியாயம் எல்லாம் வந்தன. இன்னொரு கிளையில் வெளிர் நிறம், பொன்னிறத் தலைமுடி. ஷேக்ஸ்பியர் காலத்தில் இரண்டு கிளைகளும் நன்றாகத் தழைத்திருந்தன. 1609-ல் அச்சான சானெட்களில் கருத்த பெண்ணைப் பற்றிய வரிசை, ஃபேர் என்ற சொல் அழகையும் வெளுப்பையும் ஒரே சமயத்தில் சொல்வதை வைத்துத்தான் விளையாடுகிறது. கருப்பை ஃபேர் என்று சொன்னால் அது முரணா, பாராட்டா, என்று.

"ஃபேர்னா அழகுன்னு நமக்குச் சொல்லிக்கொடுத்தவன் வெள்ளைக்காரன்" என்று அடிக்கடி படிக்கிறோம். கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். அழகும் வெளுப்பும் இந்தச் சொல்லில் ஒட்டிக்கொண்டது அவர்கள் இந்தியாவுக்குக் கப்பல் விடுவதற்கு முன்பு, தங்களுக்குள்ளேயே தலைமுடியையும் தோலையும் ஒப்பிட்டுக்கொண்டபோது. நாம் செய்தது வேறு. அந்தச் சொல்லின் மற்ற கிளைகளையெல்லாம் விட்டுவிட்டு இந்த ஒரு கிளையை ஒடித்து விளம்பரத்தில் நட்டோம். அதற்கு 'வீட்டிஷ்' என்று இங்கிலாந்தில் யாருக்கும் தெரியாத ஒரு தம்பியையும் நாமே உண்டாக்கினோம். கோதுமை விளையாத ஊர்க்காரர்களும் கோதுமை நிறம் ஆனார்கள். பேச்சுத் தமிழில் வெளுத்த ஆளைச் "செவப்பா இருக்கான்" என்று சொல்கிற நமக்கு, நிறப் பெயர் எப்போதும் நிறத்தைச் சொல்வதில்லை என்பது புதிதும் இல்லை.

1975-ல் வந்த ஃபேர் அண்ட் லவ்லி 2020-ல் க்ளோ அண்ட் லவ்லி என்று பெயர் மாறியது. அதே வருடம் ஷாதி.காம் தோல் நிறத்தை வைத்துத் தேடும் வசதியை எடுத்தது. பெயர் மாற்றத்தைப் பலர் கேலி செய்தார்கள், நானும்தான். ஆனால் நோட்டைப் புரட்டினால் ஒரு வேடிக்கை. நிறத்தைச் சொல்லும் சொல்லை எடுத்துவிட்டு வெளிச்சத்தைச் சொல்லும் சொல்லைப் போட்டிருக்கிறார்கள். 'க்ளோ'வும் 'க்ளாட்'டும் ஒளிர்வது என்ற ஒரே தொல்வேரைச் சேர்ந்தவை என்பது பொதுவான கருத்து. விளம்பரக் கம்பெனி தெரியாமலேயே ஆயிரம் வருடம் பின்னால் போய்ப் பழைய ஆங்கிலத்து ஆளின் கண்ணால் பார்த்திருக்கிறது. ட்யூபுக்குள் இருப்பதை எந்தக் கண்ணால் பார்த்து வாங்குகிறார்கள் என்பதை மருந்துக்கடைக்காரரிடம்தான் கேட்க வேண்டும்.

கூடவே ஒரு வேலைக் குறிப்பு. எங்கள் தொழிலில் நாள் முழுக்கப் புழங்கும் 'இன்டர்ஃபேஸ்' 19-ஆம் நூற்றாண்டில் இரண்டு பொருள்கள் சந்திக்கும் பரப்புக்கு வைத்த பெயர். எண்ணெயும் தண்ணீரும் தொடும் இடம். அதில் உள்ள 'ஃபேஸ்' முகம் இல்லை, பரப்பு. தமிழில் 'இடைமுகம்' என்று மொழிபெயர்த்தபோது பரப்பு மறுபடி முகமாகிவிட்டது. தப்பு என்று சொல்ல மாட்டேன். லத்தீன் 'ஃபேகியஸ்' என்பதே முதலில் உருவம், தோற்றம் என்று பொதுவாக இருந்து பிறகு முகமானதுதான். நம் முகப்பும் துறைமுகமும் எந்த மூஞ்சியையும் சேர்ந்தவை இல்லையே.

அக்காவுக்கு அந்த விளம்பரத்தால் வரன் எதுவும் அமையவில்லை. சொந்தத்திலேயே, விளம்பரம் எதுவும் பார்க்காத ஒருத்தரோடு கல்யாணம் ஆனது. இப்போது அவள் பெண்ணுக்கு வரன் பார்க்கிறார்கள். போன மாதம் தரகர் கொடுத்த பயோடேட்டா படிவத்தை வைத்துக்கொண்டு போன் செய்தாள். அதில் 'காம்ப்ளெக்ஷன்' என்று ஒரு கட்டம். "நீதான் இங்கிலீஷ் ஆராய்ச்சி பண்றவனாச்சே, இதுல என்னடா போடறது?" என்றாள். நிறம் எல்லாம் பிற்பாடு வந்தது அக்கா, 14-ஆம் நூற்றாண்டில் உடம்பில் சூடு, குளிர்ச்சி, ஈரம், வறட்சி எவ்வளவு என்பதுதான் அதற்கு அர்த்தம் என்று ஆரம்பித்து 5 நிமிடம் பேசினேன். பொறுமையாகக் கேட்டாள்.

"அப்ப இவளுக்குச் சூட்டு உடம்புன்னு போட்டுடறேன். பொய் சொன்ன மாதிரியும் இருக்காது" என்று சொல்லி வைத்துவிட்டாள்.